மாப்பிள்ளை காரின் தேன்கூடு

அம்மணி, மெதுவாங்க. கீழே போட்டுடாதீங்க. வெடிச்சிடும்னு சொல்லலை. உள்ளே இருக்கிறது பீங்கான், உடைஞ்சுபோகும். குண்டு இல்லைங்க அது. பையைச் சோதிக்கிற உங்க எந்திரத்தில் கறுப்பா உருண்டையாத் தெரிஞ்சா அது குண்டாகிடுமா? ஓட்டை ஓட்டையா இருக்குதே, அதுக்குள்ளே இருந்து வெள்ளையா எட்டிப் பார்க்கிறது வெடிமருந்தும் இல்லைங்க. பொரி. ஆயுத பூசைப் பொரி. வேணும்னா ஒண்ணை எடுத்துத் தின்னு காட்டறேன். பார்த்தீங்களா? கொஞ்சம் நமுத்துப் போச்சு, அவ்வளவுதான். மேலே பூசியிருக்கிறது சந்தனமும் குங்குமமும். பொட்டு வச்ச குண்டை உங்க சர்வீசில் எங்கேயாவது பிடிச்சிருக்கீங்களா?

உங்க நாய்கூட மோந்து பார்த்துத் தும்மிட்டுப் போயிடுச்சு. அதுக்கே தெரிஞ்சிருக்குது.

உட்காரச் சொன்னீங்களே, அதுக்குப் புண்ணியமாப் போகட்டும். இன்ஸ்பெக்டர் டீ குடிச்சுட்டு நிதானமா வரட்டும். டெல்லி ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. இது என்ன, யாரோடது, எதுக்காக மாப்பிள்ளைக்கு எடுத்த தீபாவளி வேட்டிக்குள்ளே சுத்தி, முறுக்குத் தூக்குக்கு அடியில் ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். வீட்டுக்காரியே கேட்கலை. அவளுக்குத் தெரிஞ்சது முறுக்கு மட்டும்தான்.

என் பேர் மருதாசலம். சிங்காநல்லூர்தான். பம்பு கம்பெனியில் நாற்பது வருசம் லேத் ஓட்டினவன். என் கையில் கடைஞ்ச பம்பு ஒண்ணைச் சூலூர்ப் பக்கம் ஒரு கிணத்தில் இறக்கினாங்க. அது இழுத்த இழுப்பில், பக்கத்துத் தோட்டத்துக் கிணத்தில் குளிச்சுக்கிட்டிருந்த ஆளோட கோவணம் இந்தக் கிணத்துக் குழாயில் வந்து விழுந்தது.

சிரிக்கிறீங்க. சரி, அது கதைங்க. ஒத்துக்கறேன். எங்க தெருவில் எனக்குப் பேரே புளுகு மேஸ்திரி. உங்ககிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கறேன். கதை விட்டா என் கை தன்னால வலது காதுக்குப் போயிடும். சின்ன வயசில் இருந்து அப்படித்தான். கை காதுக்குப் போகாம நான் சொல்றதெல்லாம் நிஜம்னு எழுதிக்குங்க. உங்க பேரென்ன, முத்துப்பேச்சியா? தெற்குச் சீமையாக்கும். உங்க ஊரில் எப்படியோ, எங்க ஊரில் மாமனார்காரன் மாப்பிள்ளைக்கு முன்னால தலை குனிஞ்சு நிற்கிறது லேசான காரியம் இல்லைங்க. அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

இது கார் சாமான். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும். புகையில் இருக்கிற நஞ்சை எரிச்சுத் தள்றதுக்கு வச்சது. உள்ளே தேனடை மாதிரி கண்ணறை கண்ணறையா இருக்குதா, அதனால பட்டறையில் தேன்கூடுன்னு சொல்லுவோம். இந்தக் கண்ணறையில் பூசியிருக்கிறது பிளாட்டினம். தங்கத்துக்கு அண்ணன். அதனால இதைத் திருடறதுக்குன்னே ஆளுங்க உண்டு.

நான் திருடலைங்க. அறுத்தேன்.

மாப்பிள்ளை திருமூர்த்தி மத்திய சர்க்கார் உத்தியோகம். தங்கமான மனுசன். பழைய பெட்ரோல் கார் ஒண்ணை வாங்கி, குழந்தை மாதிரி துடைச்சு வச்சிருந்தார். போன மார்கழியில் அவரும் என் பொண்ணு சுகந்தியும் நானும் கோத்தகிரிக்குப் போனோம். மூணாவது வளைவில் வண்டி திணறுது. பின்னால ஒரு காலி கேரட் வண்டிக்காரன் ஆரன் அடிச்சு, ஒதுங்கச் சொல்லி, எங்களை முந்திக்கிட்டுப் போனான். போறப்போ மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற. அவர் முகம் சுருங்கிப் போச்சு.

“மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது”ன்னார்.

என் மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கேரட் வண்டிக்காரன் சிரிக்கிறதா?

தை மாசம் அவங்க காரை எங்க வீட்டில் விட்டுட்டு மூணு நாள் திருச்செந்தூர் போனாங்க. வீட்டுக்குப் பின்னால என் சொந்த லேத் ஒண்ணு இருக்குது, வெல்டிங் மிசினும் இருக்குது. கார் அடியில் படுத்துப் பார்த்தேன். இந்தத் தேன்கூடு வண்டியோட மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரிதான் என் கண்ணுக்குப் பட்டுது. அறுத்து எடுத்தேன். அதே நீளத்துக்கு நேர்க்குழாய் கடைஞ்சு, ரெண்டு பக்கமும் வெல்டு வச்சேன். அம்மணி, அந்த வெல்டை நீங்க பார்க்கணுமே! மணி கோத்த மாதிரி இருக்கும். அந்த அழகு...

சரி, சரி. விசயத்துக்கு வர்றேன்.

வண்டியைக் கிளப்பினா சிங்கம் உறுமற மாதிரி ஒரு சத்தம். ஆனா ஸ்டியரிங்குக்கு முன்னால ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிய ஆரம்பிச்சு அணையவே மாட்டேங்குது. தேன்கூட்டைக் காணோம்னு வண்டி புகார் சொல்லுது. என்ன பண்றது? வீட்டில் மருதமலை முருகன் ஸ்டிக்கர் ஒண்ணு இருந்தது, ரூபாய்க் காசு அளவு. கண்ணாடி மேல, விளக்கு எரியற இடத்தில் கரெக்டா ஒட்டிட்டேன்.

மாப்பிள்ளை தினமும் காரில் ஏறினதும் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் கிளம்புவார். பின்னால வெளிச்சம் இருக்கிறதால முருகன் லேசா மின்னுவார் இல்லைங்களா? “மாமா ஒட்டின முருகனுக்குச் சக்தி இருக்குது பாரு”ன்னு சுகந்திகிட்ட சொன்னாராம்.

அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா வண்டி பறக்குது, மாப்பிள்ளை பூரிச்சுப் போய் வந்து, “மாமா, என்ன மாயம் பண்ணினீங்க?”ன்னு கேட்கிறார். அறுத்தேன்னு சொன்னா அதில் என்னங்க இருக்குது? கை காதுக்குப் போயிடுச்சு. மருதமலை அடிவாரத்தில் ஒரு மூலிகை, அதை ஆமணக்கெண்ணெயில் மூணு நாள் ஊறப்போட்டு டேங்கில் ஒரு மூடி ஊத்தினேன், எங்க முப்பாட்டன் வண்டி மாட்டுக்குக் கொடுத்த மருந்துன்னு சொல்லிட்டேன். அவர் ஆபீசில் நாலு பேர் அந்த மூலிகை கேட்டாங்களாம்.

இங்கே புகைச் சான்று வாங்கறப்போ ஒண்ணும் தெரியலை. ஒரு கடையில் சோதிக்கிற குழாயைச் சைலன்சருக்குப் பக்கத்தில் சும்மாக் காட்டினாங்க, காகிதம் வந்துடுச்சு. அதனால நானும் மறந்தே போயிட்டேன். அறுத்த தேன்கூட்டை லேத்துக்கு அடியில் தள்ளி விட்டேன்.

வைகாசியில் மாப்பிள்ளைக்கு டெல்லிக்கு மாத்தல். காரை விட்டுட்டுப் போக மனசு வரலை அவருக்கு. இங்கே தடையில்லாச் சான்று வாங்கி, கார் ஏத்தற லாரியில் அனுப்பறதா ஏற்பாடு. லாரியில் ஏத்தறதுக்கு முன்னால ஆயில் மாத்தறதுக்கு ஆரோக்கியம் பட்டறையில் விட்டார். ஆரோக்கியத்தைச் சொல்லலையே உங்ககிட்ட? ஒண்டிப்புதூர் ரோட்டில் ஒரு ஷெட்டு போட்டிருக்கிற மெக்கானிக். சுகந்தி குடியிருந்த அடுக்குமாடியில் நாற்பது கார் இருக்குதுன்னா முப்பத்தஞ்சு கார் அவர்கிட்டத்தான் வரும். ஒரு நட்டு மிச்சமானாலும் காகிதத்தில் மடிச்சு, ‘இது உங்க வண்டியோடது’ன்னு கையில் கொடுக்கிற ஆளு.

லாரியில் கார் ஏறுறதை நின்னு பார்த்தேன். டெல்லியில் புகைக்குச் சட்டம் ரொம்பக் கெடுபிடின்னு டிவியில் கேட்டிருக்கேன். “மாப்பிள்ளை, ஒரு நிமிசம்”னு கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “நானே கேட்கணும்னு இருந்தேன் மாமா. அந்த மூலிகை எண்ணெய் ஒரு பாட்டில் கொடுங்க, அங்கே கிடைக்காது”ன்னார்.

கொடுத்தேனுங்க. என்ன பண்றது? ஆமணக்கெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊத்தி, ரெண்டு துளசி இலை போட்டுக் கொடுத்தேன்.

அங்கே புதுசாப் பதிவு பண்ணணும்னா முதல்ல புகைச் சோதனை. இங்கே மாதிரி இல்லைங்க, குழாயைச் சைலன்சருக்கு உள்ளே விட்டுத்தான் பார்க்கிறாங்க. ஒரு தடவை ஃபெயில். எண்ணெய் ஊத்திட்டு மறுபடி போயிருக்கார் பாவம், இன்னும் மோசமா ஃபெயில். மூணாவது தடவை சோதிக்கிற ஆள் முருகனை உத்து உத்துப் பார்த்துட்டு, நகத்தால சுரண்டி எடுத்திருக்கான். பின்னால ஆரஞ்சு விளக்கு. வண்டியைத் தூக்கிப் பார்த்தா தேன்கூடு இருக்க வேண்டிய இடத்தில் என் குழாய். யாரோ திருடிட்டாங்கன்னு அங்கே இருந்த மெக்கானிக் சொல்லிட்டான். அன்னைக்கு நிறுத்தின கார்தான், பதிவு நம்பர் இல்லாம இன்னும் அவங்க வீட்டு வாசலில் நிற்குது. ஆபீசுக்கு மெட்ரோவில் நின்னுக்கிட்டே போறார் மாப்பிள்ளை.

அன்னைக்குப் போன் வந்தது. “மாமா, கடைசியா வண்டியைத் தொட்டது ஆரோக்கியம்தான். பிளாட்டினத்துக்காக எடுத்திருக்கான். நம்பிக் கொடுத்தேனே! அவனாத்தான் இருக்கும், என்ன சொல்றீங்க?”ன்னார்.

அம்மணி, இந்த இடத்தை நல்லாக் கேட்டுக்குங்க. நான் ஆமான்னு சொல்லலை. அவன் திருடன்னு சொல்லலை. “இருக்கும்ங்க மாப்பிள்ளை”ன்னேன். அவ்வளவுதான். ‘இருக்கும்’கிறது பொய்யா சொல்லுங்க? மழை வருமான்னா இருக்கும்கிறோம். கை காதுக்குக்கூடப் போகலை. அந்தச் சமாதானத்தில்தான் ரெண்டு மாசம் சோறு தின்னேன்.

மாப்பிள்ளை அதை அடுக்குமாடிக்காரங்க வாட்ஸப்பில் எழுதிட்டார். ‘என் மாமனார் நாற்பது வருச அனுபவம் உள்ளவர், அவரும் அப்படித்தான் சொல்கிறார்’னு சேர்த்து எழுதிட்டார். முப்பத்தஞ்சு காரும் ஒரே வாரத்தில் வேற பட்டறைக்குப் போயிடுச்சு.

ஆடி மாசம் ஒரு நாள் ஆரோக்கியம் எங்க வீட்டுக்கு வந்தார். வந்து, லேத் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். போனில் ஒரு படத்தைக் காட்டினார், டெல்லியில் எடுத்து மாப்பிள்ளை வாட்ஸப்பில் போட்டதாம். கார் அடியில் என் குழாய்.

“அண்ணா, நீங்க இரும்பு தெரிஞ்ச மனுசன். இந்த வெல்டைப் பாருங்க. நான் ஆயில் மாத்தறப்பவே இதைப் பார்த்தேன். வீட்டுக்காரங்களே மாத்திக்கிட்டாங்களாக்கும்னு விட்டுட்டேன். எங்கிட்ட லேத் கிடையாது. திருடறவன் இவ்வளவு அழகாவா வெல்டு வைப்பான்? இது யாரோ பெரிய கைக்காரன் செஞ்ச வேலைண்ணா.”

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோணியிருக்கணும்? வெட்கம் தோணியிருக்கணும். எனக்கு என்ன தோணிச்சு தெரியுங்களா? சந்தோசம். புல்லரிச்சுப் போச்சுங்க. இந்த ஊரில் என் வெல்டைப் பார்த்து அப்படிச் சொல்றதுக்கு ஆரோக்கியத்தை விட்டா வேற ஆள் இல்லை. ‘நான்தான் வச்சேன்’னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, பெருமையில. அப்புறம் முழுங்கிட்டேன். “வெளியூர் ஆளா இருக்கும்”னேன். இப்படி ஒட்டு வைக்கிற ஆள் சேலத்தில் ஒருத்தன் இருந்தான், ராத்திரியில் மின்மினி வெளிச்சத்திலேயே வெல்டு வைப்பான்னு ஒரு கதையும் சொன்னேன்.

அவர் மோரைக் குடிச்சார். லேத்தைச் சுத்தி ஒரு தரம் பார்த்தார். “நல்ல மிசினுண்ணா. வர்ற ஆயுத பூசைக்கு இதுக்கெல்லாம் பொட்டு வைக்கிறப்போ என்னையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க”ன்னு சொல்லிட்டுப் போனார். எவ்வளவு பாசம் பாருங்க, பட்டறை படுத்துக் கிடக்கிறப்பவும் அடுத்தவன் பூசையை நினைக்கிறாரே மனுசன்.

ஆயுத பூசை வந்தது. வீட்டுக்காரி கண்ணம்மா லேத்துக்கு அடியில் கூட்டினப்போ இதை இழுத்துப் போட்டிருக்கா. “இது என்னங்க?”ன்னா. ரயில் இன்ஜினோட நுரையீரல்னேன். பக்தியாத் துடைச்சு, அரிவாள்மணைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் வச்சு, சந்தனம் பூசி, பொட்டு வச்சு, பொரியைத் தூவி, அதைப் படம் வேற பிடிச்சுக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுட்டா.

அஞ்சு நிமிசம் இல்லை, போன். “மாமா! சுத்தியலுக்குப் பக்கத்துல இருக்கிறது என்ன? என் காரோட தேன்கூடா?”

செத்தேன்னு நினைச்சேன். சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன், நிஜமா. அதுக்குள்ளே அவரே கத்தறார்: “அவன்கிட்ட இருந்து பிடுங்கிட்டு வந்துட்டீங்களா? உங்களை மாதிரி மாமனார் யாருக்குக் கிடைப்பாங்க!” பின்னால சுகந்தி அழறா, “எங்கப்பா”ன்னு.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

இல்லைங்க, நீங்க போலீசு, நீங்க சொல்லியிருப்பீங்க. நான் சொல்லலை. என் கை காதை முறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. ஸ்பேனரை எடுத்துக்கிட்டுத் தனி ஆளா ஷெட்டுக்குப் போனேன், பழைய டயருக்குள்ளே ஒளிச்சு வச்சிருந்தான், அண்ணா மன்னிச்சுடுங்கன்னு கால்ல விழுந்தான்னு அடுக்கிக்கிட்டே போறேன். விழுந்தானாம்! அவர் மோர் குடிச்சுட்டுப் போன டம்ளர் எங்க வீட்டில் இருக்குது, அதை நினைச்சாவது வாய் நிற்கக்கூடாதா?

மாப்பிள்ளை அந்தப் படத்தையும் என் வீரத்தையும் சேர்த்து அடுக்குமாடிக்காரங்களுக்கு அனுப்பிட்டார். அதில் ஒருத்தர்தான் ஆரோக்கியத்தோட ஷெட்டு இருக்கிற இடத்துக்குச் சொந்தக்காரர். தீபாவளிக்குள்ளே காலி பண்ணுன்னு சொல்லிட்டாராம். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள்.

இதுதாங்க சங்கதி. இப்ப டெல்லிக்குப் போறேன். போனில் சொல்ல என்னால ஆகாது, போனை எடுத்தா கதைதான் வருது. நேரில் போய், வேட்டியை விரிச்சு, மேல இதை வச்சு, மாப்பிள்ளை முன்னால நின்னு சொல்லப்போறேன். திருப்பி வெல்டு வச்சுக் கொடுத்தாச் சோதனையில் தேறும்னு நினைக்கிறேன். அவர் அந்த வாட்ஸப்பில் எழுதினா எல்லாம் சரியாகிடும். ரெண்டு ராத்திரிப் பயணம். வயசு எழுபத்து நாலு. பரவாயில்லை.

என்ன கேட்டீங்க?

ஆரோக்கியத்துகிட்ட சொல்லிட்டீங்களான்னா? இல்லைங்க, அதான் சொன்னேனே, மாப்பிள்ளை எழுதினா அவருக்குத் தானாத் தெரிஞ்சுடும்.

ஷெட்டா? இங்கேயிருந்து டவுன் பஸ்தான். ஸ்டேசன் வாசல்லயே ஏறினா அரை மணி. எங்க வீட்டில் இருந்தா நடந்தே போயிடலாம், ரெண்டு தெரு தாண்டி. ஏன் கேட்கறீங்க?

அப்படிப் பார்க்காதீங்க, அம்மணி. நீங்க பார்க்கிற பார்வை லாக்கப்பை விட மோசமா இருக்குது.

சரிங்க. மாப்பிள்ளை கோவிச்சுக்குவார், அப்புறம் சுகந்தி முகத்துக்காகச் சமாதானம் ஆவார். மாப்பிள்ளைகிட்ட தலை குனியறது கஷ்டம்னு சொன்னேன். இப்ப யோசிச்சா அது அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்லை. ஆரோக்கியத்துகிட்டப் போனா அவர் கோவிக்க மாட்டார். “உட்காருங்கண்ணா”ம்பார். அதுக்குத்தான் பயந்துக்கிட்டு...

என்ன சொல்றீங்க? அவருக்கு ஏற்கனவே தெரியும்கிறீங்களா? எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே. லேத் பக்கத்தில் உட்கார்ந்தார், லேத்தைச் சுத்திப் பார்த்தார், இதுக்கெல்லாம் பொட்டு வைக்கிறப்போ என்னையும்...

இதுக்கெல்லாம்.

இது லேத்துக்கு அடியில்தான் கிடந்தது.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் கொடுங்க.

ஆடியில் இருந்து ஐப்பசி. தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கார். முப்பத்தஞ்சு பேர் கிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லலை. நான் சொல்லுவேன்னு உட்கார்ந்திருக்கார். நான் என்னடான்னா மின்மினிக் கதை சொல்லி அனுப்பியிருக்கேன்.

எழுதிக்கொடுக்கணும்னீங்களே, அந்தக் காகிதத்தைக் கொடுங்க. வேண்டாம், நீங்களே எழுதுங்க, நான் எழுதினா அதுவும் கதையாயிடும். ‘சிங்காநல்லூர் மருதாசலமாகிய நான், என் மாப்பிள்ளை காரில் இருந்து இதை யாருக்கும் சொல்லாமல் அறுத்து எடுத்தேன். மெக்கானிக் ஆரோக்கியம் இதைத் தொடவே இல்லை. அவர் என் காலில் விழவும் இல்லை.’ அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்க. முழுப் பேரா? தெரியாதுங்களே. இருபது வருசமா எனக்கு ஆரோக்கியம்தான். கொஞ்சம் இடம் விட்டு வைங்க, அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கிறேன். அந்த அழகான வெல்டு நான்தான் வச்சேன்னும்... வேண்டாங்களா? சரி, வேண்டாம்.

இங்கேதானே கையெழுத்து? இன்ஸ்பெக்டர் வந்தா இதைக் காட்டிக்குங்க. இன்னொண்ணு இதே மாதிரி எழுதிக் கொடுங்க, எனக்கு. அதைப் படம் பிடிச்சு அந்த முப்பத்தஞ்சு பேருக்கும் அவரே அனுப்பிக்கட்டும். அந்த இடத்துக்காரருக்கு முதல்ல.

டெல்லி வண்டிதான் வருதுங்க, கேட்குது. போகட்டும். மாப்பிள்ளைக்கு முறுக்கைப் பார்சலில் போட்டுக்கலாம். இந்தாங்க, உங்களுக்கு ஒரு கை முறுக்கு. அட, லஞ்சம் இல்லைங்க, எடுத்துக்குங்க.

நேரா ஷெட்டுக்குத்தான் போறேன். சத்தியமா. வழியில் வீட்டுப் பக்கம்கூடத் திரும்ப மாட்டேன். ஏன் என் கையையே பார்க்கறீங்க? அரிச்சுதுங்க, அதான் காதைத் தொட்டேன்.

சரி, இப்படிப் பண்ணுங்க. பையைத் தோளில் மாட்டி விடுங்க. தேன்கூட்டை வேட்டியில் சுத்த வேண்டாம், அப்படியே கொடுங்க. ஒரு கையில் இல்லைங்க, ரெண்டு கையிலும் வைங்க. ஆங். இனி அவர் முன்னால போய் நிக்கிற வரைக்கும் என் கை ரெண்டும் காதுக்கு எட்டாது.